உதவி எடிட்டராகச் சேரப் போகிறவருக்கு: கேமரா கார்டு வந்த நாள் முதல் தணிக்கை வரை

சினிமா எடிட்டிங் கற்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைப் படிக்கலாம் என்பதைத்தான். அதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஓர் எடிட்டர் புதியவர் ஒருவரைத் தன் அறைக்குள் எதற்காகச் சேர்த்துக்கொள்கிறார்?

அழகாக வெட்டுவார் என்பதற்காக யாரையும் சேர்ப்பதில்லை. வெட்டுவதற்கு எடிட்டர் இருக்கிறார். பல கோடி ரூபாய் செலவில் எடுத்த ஃபுட்டேஜ் ஒரு ஹார்ட் டிஸ்கில் வந்து இறங்கும்போது, அதை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். எதையும் தொலைக்காதவர், கேட்ட ஷாட்டைக் கேட்ட நொடியில் எடுத்துக் கொடுப்பவர், சவுண்ட் ஸ்டூடியோவுக்கும் டி.ஐ.க்கும் (கலர் சரிசெய்து இறுதிப் படத்தை உருவாக்கும் இடம்) போகிற பொருளைச் சரியாக அனுப்புபவர். அந்த ஆள் நீங்கள்தான் என்று ஆகிவிட்டால் எடிட்டருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. வெட்டக் கற்பதற்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. இந்தக் கட்டுரை அந்த நாற்காலிக்குப் போகும் வழியைப் பற்றியது. சென்னையில் தமிழ்ப் படங்களில் வேலை எப்படி நடக்கிறதோ அதை வைத்தே சொல்கிறேன்.

எங்கே படிக்கலாம், எப்படி நுழையலாம்

தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கென்றே நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிட மிகக் குறைவு. பட்டம் முடித்தவர்கள் 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியிலோ 1995இல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலோ நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். சாலிகிராமத்தில் எல்.வி. பிரசாத் அகாடமி இருக்கிறது. இவற்றில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். பாடத்தைவிடப் பெரிய லாபம், உங்களோடு படிக்கிற இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும். பின்னால் முதல் படத்துக்கு அவர்கள்தான் கூப்பிடுவார்கள்.

இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல தேசிய விருதுகள் வாங்கிய ஸ்ரீகர் பிரசாத் படித்தது இலக்கியம். தொழில் கற்றது எடிட்டரான தன் தந்தை அக்கினேனி சஞ்சீவியிடம், தெலுங்குப் படங்களில் வேலை பார்த்து. வீட்டிலேயே குரு இருப்பது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதுதான் இந்தத் தொழிலின் பழைய வழி, இன்றைக்கும் அதுவே பெரிய வழி.

மாதக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு 'வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். சேரும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: மாணவர்களுக்கு உண்மையான படப்பிடிப்பு ஃபுட்டேஜ், அதாவது கிளாப்போடு, தனி ஆடியோவோடு, ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்த ஐந்தாறு டேக்குகளோடு கொடுப்பீர்களா? இல்லையென்றால் அங்கே கற்பிப்பது மென்பொருளின் பொத்தான்களை மட்டும்தான். அதை வீட்டிலிருந்தே கற்கலாம்.

புதியவருக்கு இன்னொரு நல்ல நுழைவாயில் ஸ்பாட் எடிட்டிங். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே லேப்டாப்போடு உட்கார்ந்து, எடுத்த ஷாட்டுகளை உடனுக்குடன் கோத்து இயக்குநருக்குக் காட்டுகிற வேலை. வெயில், தூசி, ஓட்டம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு ஷாட் ஏன் அப்படி எடுக்கப்பட்டது, எது எடுக்கப்படாமல் போனது என்று நேரில் பார்க்கிற வாய்ப்பு எடிட் சூட்டில் கிடைக்காது. சீரியல் எடிட்டிங்கையும் கல்யாண வீடியோவையும் கூடக் குறைவாக நினைக்காதீர்கள். தினமும் ஒரு எபிசோடு போயாக வேண்டிய இடத்தில் ஒரு வருடம் இருந்தால் கை வேகம் வரும். கல்யாண வீடியோவில் திரும்ப எடுக்கவே முடியாத ஃபுட்டேஜைக் காப்பாற்றும் பொறுப்பு வரும்.

மென்பொருளும் கணினியும்

தமிழ் சினிமாவில் ஏவிட், பிரீமியர் புரோ, ஃபைனல் கட் புரோ மூன்றும் ஓடுகின்றன. கலர் வேலைக்கு டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பிலேயே முழு எடிட்டிங்கும் செய்யலாம் என்பதால் காசில்லாமல் தொடங்குகிறவர் அதிலிருந்து தொடங்கலாம். ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொண்டால் மற்றொன்றுக்கு மாற ஒன்றிரண்டு வாரம் போதும். நீங்கள் சேர விரும்பும் எடிட்டர் எதில் வேலை செய்கிறார் என்று விசாரித்து, அதைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போவது மரியாதை.

மவுஸை நம்பி இருக்காதீர்கள். ஜே, கே, எல் விசைகளில் பின்னால், நிறுத்து, முன்னால். ஐ, ஓ விசைகளில் தொடக்கமும் முடிவும். இந்த ஐந்தும் எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விரல்கள் இவற்றைத் தானாகத் தேடும்வரை பழகுங்கள்.

கணினியில் 16 ஜி.பி. ராம் இருந்தால் வேலை தொடங்கலாம், 32 இருந்தால் நிம்மதி. மீடியாவை எஸ்.எஸ்.டி.யில் வைத்து வேலை செய்யுங்கள். பெரிய மானிட்டரைவிட நல்ல ஹெட்ஃபோனுக்கு முதலில் செலவு செய்யுங்கள் என்பேன். வெட்டு சரியா என்று பாதி நேரம் காதுதான் சொல்லும்.

கார்டு வந்துவிட்டது: முதல் வேலை

இனிமேல் வருவதுதான் உங்கள் உண்மையான வேலை. நிதானமாகப் படியுங்கள்.

கேமரா கார்டிலிருந்தோ யூனிட்டிலிருந்து வந்த டிஸ்கிலிருந்தோ டேட்டாவை எடுக்கும்போது இழுத்துப் போட்டுக் காப்பி செய்யக் கூடாது. பாதியில் ஒரு கோப்பு உடைந்தாலும் கணினி எதுவும் சொல்லாமல் முடித்துவிடக்கூடும். சரிபார்ப்போடு காப்பி செய்யும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சில்வர்ஸ்டாக், ஷாட்புட் புரோ போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. விண்டோஸில் டெராகாப்பியில்கூட இந்த வசதி உண்டு. மூலக் கோப்பையும் காப்பியையும் தனித்தனியாகப் படித்து, இரண்டுக்கும் ஒரே கணக்கு எண் வருகிறதா என்று இவை ஒப்பிடும். ஒன்று மாறினாலும் உடனே தெரிந்துவிடும்.

மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். இந்த விதியைத் தயாரிப்பு அலுவலகம் செலவு என்று சொல்லித் தள்ளப் பார்க்கும். குறைந்தது இரண்டு டிஸ்க், இரண்டு வெவ்வேறு இடம் என்பதிலிருந்து மட்டும் இறங்காதீர்கள். இரண்டு பிரதியும் சரிபார்க்கப்பட்டுவிட்டன என்று நீங்கள் எழுத்தில் சொல்லும்வரை, வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், கார்டை யாரும் அழிக்கக் கூடாது. "சார், கார்டை அழிச்சிரலாமா?" என்று யூனிட்டிலிருந்து அவசரமாக போன் வரும். சரிபார்ப்பு முடியவில்லையென்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். அதற்காக உங்களை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள்.

கேமரா கோப்புகளின் பெயரை ஒருபோதும் மாற்றாதீர்கள். ஏ001 என்ற கார்டு, அதில் சி003 என்ற கிளிப் என்று கேமராவே ஒரு பெயர் வைத்திருக்கும். அது அழகாக இல்லை என்று 'ஹீரோ என்ட்ரி' எனப் பெயர் மாற்றினால், ஆறு மாதம் கழித்து டி.ஐ.யில் மூலக் கோப்பைத் தேடும்போது எதுவும் பொருந்தாது. கோப்புறை அமைப்பும் எளிமையாக இருக்கட்டும்: தேதி, அதற்குள் கேமரா, அதற்குள் கார்டு. ஆடியோவுக்குத் தனிக் கோப்புறை. கார்டில் இருந்த உள் கோப்புறைகளையும் கலைக்காமல் அப்படியே வையுங்கள். வீடியோ மட்டும் போதுமென்று தனியாக உருவினால் சில கேமராக்களின் தகவல்கள் போய்விடும்.

அடுத்தது பிராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்காக மட்டும் உருவாக்கும் சிறிய பிரதி. பெரிய சென்சார் கேமராவில் 'ரா' என்ற மூல வடிவில் எடுத்தால் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் ஒரு டி.பி.யைத் தாண்டிப் போகலாம். அதை வைத்து எடிட் செய்ய முடியாது. சின்ன கேமராக்களின் எச்.264 கோப்புகள் அளவில் சிறியவைதான். ஆனால் பெரும்பாலான ஃப்ரேம்கள் முன்பின் ஃப்ரேம்களைச் சார்ந்து சுருக்கப்பட்டிருப்பதால், ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனில் திணறும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. ஃபுல் எச்.டி. அளவில் புரோரெஸ் பிராக்ஸியாகவோ டி.என்.எக்ஸ்.எச்.டி. 36 ஆகவோ மாற்றிக்கொள்ளுங்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் இவை விநாடிக்கு ஏறக்குறைய 36 மெகாபிட், அதாவது மணிக்குச் சுமார் 16 ஜி.பி. நூறு மணி நேர ஃபுட்டேஜுக்கும் 2 டி.பி. டிஸ்க் ஒன்று தாங்கும். மூலக் கோப்பின் பெயரும் டைம்கோடும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) பிராக்ஸியில் மாறாமல் வர வேண்டும், இதை முதல் கார்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

ஃப்ரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, முதல் நாளே எடிட்டரிடமும் ஒளிப்பதிவாளரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்கு 24, நம் ஊர் தொலைக்காட்சிக்கு 25. இதில் ஆளை விழுங்கும் பள்ளம் 24க்கும் 23.976க்கும் இடையில் இருக்கிறது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் 20 நிமிட ரீல் ஒன்றில் 1.2 விநாடி, கிட்டத்தட்ட 29 ஃப்ரேம் தள்ளிப்போகும். உதடும் வசனமும் எங்கோ எங்கோ நிற்கும். மொபைலில் எடுத்த வீடியோ வந்தால் இன்னும் கவனம் தேவை, அதில் ஃப்ரேம் ரேட்டே நிலையாக இருக்காது. எடிட்டுக்குள் கொண்டுவரும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சிங்க், லைன்-அப், குறிப்பு

படப்பிடிப்பில் பதிவான வசனத்தையே பயன்படுத்தும் லைவ் சவுண்ட் படமென்றால் தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு சேர்ப்பது உங்கள் வேலை. கேமராவும் ரெக்கார்டரும் ஒரே டைம்கோடில் பூட்டப்பட்டிருந்தால் மென்பொருளே சேர்த்துவிடும். இல்லாவிட்டால் கிளாப்தான் கதி. கட்டை வந்து மூடும் முதல் ஃப்ரேம், அலைவடிவில் அந்தச் சத்தம் எழும் இடம், இரண்டையும் நேராக வையுங்கள். தானாகச் சேர்ந்ததையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்காமல் எடிட்டரிடம் கொடுக்காதீர்கள். டப்பிங் படமாக இருந்தாலும் பைலட் டிராக், அதாவது ஸ்பாட்டில் வழிகாட்டியாகப் பதிவான ஒலி, தெளிவாக இருக்க வேண்டும். பின்னால் டப்பிங் தியேட்டரில் நடிகர் அதைக் கேட்டுத்தான் பேசப் போகிறார்.

பாடலுக்குக் கணக்கு வேறு. ஸ்பாட்டில் ஒலிக்கவிட்ட அதே பாடல் கோப்பை டைம்லைனில் போட்டு, ஒவ்வொரு டேக்கையும் அந்த வரிக்கு நேராக அடுக்க வேண்டும். ஸ்லோ மோஷனில் உதடு அசைய வேண்டும் என்று 48 ஃப்ரேமில் எடுத்திருந்தால் ஸ்பாட்டில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியிருப்பார்கள். 24க்கு இறக்கினால் உதடு பாட்டோடு சேரும். சேரவில்லையென்றால் ஏதோ ஓர் இடத்தில் வேகம் தவறியிருக்கிறது. நடன இயக்குநரின் உதவியாளரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் லைன்-அப். சீன் நம்பர் வாரியாக 'பின்' (மென்பொருளுக்குள் இருக்கும் கோப்புறை), அதற்குள் ஷாட் நம்பர், டேக் நம்பர் வரிசை. 45-3-2 என்றால் 45ஆம் சீன், மூன்றாவது ஷாட், இரண்டாவது டேக். கிளாப்பில் எழுதியிருப்பதும் உதவி இயக்குநரின் ரிப்போர்ட்டில் இருப்பதும் சில நாள் ஒத்துப்போகாது. படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அன்று இரவே போன் செய்து தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.கே. டேக் எது என்று ரிப்போர்ட் சொல்லும். அதோடு நிற்காதீர்கள். எல்லா டேக்கையும் முழுதாகப் பாருங்கள், 'ஆக்‌ஷன்' சொல்லும் முன்பும் 'கட்' சொன்ன பின்பும் ஓடிய சில விநாடிகள் உட்பட. நடிகர் தயாராகிக்கொண்டே எங்கோ பார்த்த ஒரு பார்வை, வசனம் மறந்து நின்ற ஒரு நொடி, இவையெல்லாம் எடிட்டில் பொன்னாகும். பார்க்கும்போதே குறிப்பு எழுதுங்கள்: 'இரண்டாவது டேக், அம்மா திரும்பும்போது கண் கலங்குகிறது', 'நான்காவதில் ஃபோகஸ் தாமதம்', 'பின்னால் மைக் தெரிகிறது'. நான்கு மாதம் கழித்து இயக்குநர் அறையில் உட்கார்ந்து, "தம்பி, அந்த ஆஸ்பத்திரி சீன்ல அம்மா திரும்பிப் பார்க்கிறது வேற டேக் ஒண்ணு இருக்குமே?" என்பார். பத்து நொடியில் அதை ஓட்டிக் காட்டுகிற உதவியாளரை எந்த எடிட்டரும் அடுத்த படத்திலும் கைவிட மாட்டார்.

சீனை லைன்-அப் செய்த அன்றே எது வரவில்லை என்று பார்த்துச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட் இருக்கிறது, ஹீரோவின் க்ளோஸ் இருக்கிறது, எதிரில் இருப்பவரின் சஜஷன் ஷாட் (தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பது) ஒன்றுகூட இல்லை என்றால் எடிட்டரிடம் சொல்லுங்கள். செட் கலைக்கும் முன் தெரிந்தால் அரை மணி நேர வேலை.

வெட்டக் கற்பது

எடிட்டர் வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவருடைய டைம்லைனை நகல் எடுத்து வைத்துவிட்டு, அதே சீனை அதே ஃபுட்டேஜில் நீங்களாக வெட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டுச் செய்யுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிறகு இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். நீங்கள் பேசுகிறவர் முகத்தில் நிற்கும் இடத்தில் அவர் கேட்கிறவர் முகத்துக்குப் போயிருப்பார். நீங்கள் வசனம் முடிந்ததும் வெட்டிய இடத்தில் அவர் அரை விநாடி பொறுத்திருப்பார். ஏன் என்று யோசியுங்கள், புரியாவிட்டால் மறுநாள் டீ நேரத்தில் கேளுங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இப்படி ஒரு பயிற்சி கிடைக்காது.

வசனக் காட்சியில் புதியவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று. யார் பேசுகிறாரோ அவரைக் காட்டுவது, அடுத்தவர் பேசத் தொடங்கியதும் அவருக்குத் தாவுவது. பார்வையாளருக்கு டென்னிஸ் ஆட்டம் பார்த்ததுபோல் கழுத்து வலிக்கும். அந்தச் சீன் யாருடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மகன் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான் என்றால் பார்க்க வேண்டியது அப்பாவின் முகமாக இருக்கலாம். மகனின் குரல் அவர் முகத்தின் மேலேயே ஓடட்டும். ஒலியை முன்னால் இழுப்பது, பின்னால் நீட்டுவது என்ற இரண்டே உத்தியில் பாதி வசனக் காட்சிகள் உயிர் பெறுகின்றன.

எல்லா சீன்களையும் முதன்முறை கோத்த வடிவம் நீளமாகத்தான் இருக்கும். பயந்து உடனே குறைக்காதீர்கள். எழுதியபடி முழுதாக அடுக்கி, ஒருமுறை நிறுத்தாமல் பார்த்துவிட்டு, எங்கே கவனம் சிதறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லேக், அதாவது இழுவை, தெரிகிற இடத்தில் ஷாட்டுகளைச் சுருக்கினால் போதும் என்று தோன்றும். பல சமயம் கோளாறு அங்கே இருக்காது, அதற்கு இரண்டு சீன் முன்னால் சொல்ல வேண்டிய தகவல் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். சீன்களை இடம் மாற்றிப் பாருங்கள். சீன்களின் பெயரைச் சிறு அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டி மாற்றி மாற்றிப் பார்ப்பது பழைய முறை. இன்றைக்கும் நான் அதைத்தான் நம்புகிறேன், படம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

கற்கும்போது இசை போட்டு வெட்டாதீர்கள். தற்காலிக இசையைப் போட்டதும் சுமாரான வெட்டும் நன்றாகத் தெரியும். இசை இல்லாமலே சீன் நிற்க வேண்டும், பிறகு இசை வரட்டும். பாடலும் ட்ரெய்லரும் விதிவிலக்கு, அவை இசையின் மேல் கட்டப்படுபவை.

ஒவ்வொரு நாளும் டைம்லைனைத் தேதி போட்டு நகல் எடுத்து வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'உண்மையான ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைக்காமல் ரீல் எண், பதிப்பு எண், தேதி மட்டும் போதும்.

தமிழ் எழுத்து உடையாமல்

இது சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் புதியவர்கள் ஒரு முழு இரவை இதில் இழக்கிறார்கள். பிரீமியரில் தமிழ் தட்டினால் 'கொ', 'கை' போன்ற எழுத்துகள் கொம்பு இடம் மாறி உடைந்து வரும். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி மென்பொருளைத் திரும்பத் திறந்தால் சரியாகிவிடும். டைட்டில் வேலைக்கு யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியல் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். சப்டைட்டில் கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால்தான் வேறு கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக மாறாது.

படம் லாக் ஆன பிறகு

இயக்குநரும் தயாரிப்பாளரும் 'லாக்', அதாவது இனி வெட்டில் மாற்றமில்லை, என்று சொன்னதும் எடிட்டருக்கு மூச்சு வரும், உதவியாளருக்கு வேலை ஏறும்.

படத்தை ரீல் ரீலாகப் பிரிக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் 35 மி.மீ. சுருள் ஆயிரம் அடிக்குச் சுமார் 11 நிமிடம் ஓடும், இரண்டாயிரம் அடி ரீல் 22 நிமிடம். ஃபிலிம் போய்விட்டது, ஆனால் சுமார் 20 நிமிட ரீல் என்ற கணக்கு இன்னும் இருக்கிறது. காரணம் வசதிதான். மூன்றாவது ரீலில் ஒரு திருத்தம் வந்தால் மற்ற ரீல்களில் வேலை செய்கிற இசையமைப்பாளரும் ஒலி வடிவமைப்பாளரும் தொந்தரவில்லாமல் தொடரலாம். ரீல் முடியும் இடத்தில் இசையோ வசனமோ நீண்டு தொங்கக் கூடாது, சீன் மாறும் அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடைவேளை ஒரு ரீலின் முடிவாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ரீலுக்கும் தொடக்கத்தில் லீடர், அதாவது படத்துக்கு முன் சேர்க்கும் அடையாளத் துண்டு. படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக 2 விநாடி முன்னால், 48 ஃப்ரேம் முன்னால், ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்தில் பீப் ஒலி. ரீலின் கடைசி ஃப்ரேமுக்கு 2 விநாடி பின்னால் இன்னொன்று. தொடக்கப் பீப் சேர்ந்து முடிவுப் பீப் சேரவில்லையென்றால் நடுவில் எங்கோ ஃப்ரேம் ரேட் மாறியிருக்கிறது அல்லது வெட்டு நகர்ந்திருக்கிறது என்று சவுண்ட் ஸ்டூடியோ உடனே கண்டுபிடித்துவிடும். முதல் ரீலின் டைம்கோடு ஒரு மணியில், இரண்டாம் ரீல் இரண்டு மணியில் என்று தொடங்கினால் எண்ணைப் பார்த்தே ரீலைச் சொல்லலாம்.

இனி யாருக்கு என்ன போகிறது. ஒலிக்கு, டைம்லைனின் ஒலித் துண்டுகளைச் சவுண்ட் மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஏ.ஏ.எஃப். கோப்பு, ஒவ்வொரு துண்டுக்கும் முன்பின் சில விநாடி கூடுதல் ஒலியோடு. டப்பிங்குக்கும் ஆர்.ஆர்.க்கும் (பின்னணி இசைக்கு) படத்தின் மேலேயே டைம்கோடு தெரியும்படி எரித்த சின்ன அளவு வீடியோ. சி.ஜி.க்கு (கணினி கிராஃபிக்ஸுக்கு) ஷாட் வாரியாக எண் போட்ட பட்டியலும், முன்பின் 8 அல்லது 12 ஃப்ரேம் கூடுதலாக மூலப் படமும். எத்தனை ஃப்ரேம் என்பதை அந்த நிறுவனத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். டி.ஐ.க்கு இ.டி.எல். அல்லது எக்ஸ்.எம்.எல். (எந்தக் கோப்பின் எந்தப் பகுதி எங்கே வருகிறது என்ற பட்டியல்), கூடவே கட்டாயம் ஒரு வழிகாட்டி வீடியோ. இ.டி.எல். வெட்டு எங்கே என்று மட்டும்தான் ஒழுங்காகச் சொல்லும். ஷாட்டைப் பெரிதாக்கியது, இடவலமாகத் திருப்பியது, வேகத்தை ஏற்றி இறக்கியது எல்லாம் வழியில் தொலைந்துபோகலாம். கன்ஃபர்ம் செய்த, அதாவது மூலக் கோப்புகளை வைத்துத் திரும்பக் கோத்த, படத்தையும் வழிகாட்டி வீடியோவையும் மேலும் கீழும் வைத்து, வெட்டுக்கு வெட்டு நீங்களே போய் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். கேமரா கோப்பின் பெயரை மாற்றாதீர்கள் என்று மேலே சொன்னதன் பலன் இங்கேதான் கிடைக்கும்.

லாக் என்பது லாக் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசை வந்த பிறகு இயக்குநர் 'இங்கே ஒரு விநாடி குறைக்கலாமா' என்பார். குறைக்கலாம். ஆனால் எந்த ரீலில், எந்த டைம்கோடில், எத்தனை ஃப்ரேம் போனது அல்லது வந்தது என்று மாற்றப் பட்டியல் எழுதி, ஒலி, இசை, டி.ஐ., சி.ஜி. நான்கு பேருக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும். புதிய பதிப்பு எண்ணோடு. ஒருவருக்கு விட்டுப்போனாலும் கடைசி மிக்ஸிங்கில் உதடு தவறும், அப்போது ஸ்டூடியோ வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

தணிக்கை

தணிக்கைக்கு இணைய வழியாக விண்ணப்பிக்கிறார்கள். சான்றிதழ் யு, யு.ஏ., ஏ என்று இருந்தது, 2024 விதிகளின்படி யு.ஏ. மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7, 13, 16 வயதுக்கு மேல். எந்த வகை சான்றிதழ் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கவலை, அதற்காக வரும் வெட்டுப் பட்டியல் உங்கள் கையில் வரும். எந்த வசனத்தை மியூட் செய்தோம், எந்த ஷாட்டை மாற்றினோம், எத்தனை விநாடி என்று துல்லியமாகக் கணக்கு கொடுக்க வேண்டும். நீளம் மாறாமல் வேறு ஷாட்டால் நிரப்ப முடிந்தால் நல்லது, ஒலியைத் தொட வேண்டியிருக்காது. சான்றிதழ் வந்த பிறகு படத்தில் நீங்களாகக் கை வைக்கக் கூடாது, வெளியான பின் நீளம் குறைப்பதாக இருந்தாலும் வாரியத்திடம் தெரிவித்துத்தான் செய்ய வேண்டும்.

சிகரெட், புகையிலை வருகிற ஷாட்டுகளை லைன்-அப் செய்யும்போதே பட்டியலிட்டு வையுங்கள். அந்த ஷாட் ஓடும் நேரம் முழுவதும் திரையின் அடியில் எச்சரிக்கை வரி இருக்க வேண்டும். படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி விழிப்புணர்வுப் படமும், 20 விநாடி ஒலி-ஒளி அறிவிப்பும் வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஓ.டி.டி.க்கும் இந்த விதி வந்துவிட்டது. விலங்குகள் நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்றிதழ் கேட்பார்கள், எந்தெந்த ஷாட்டில் வருகின்றன என்ற விவரம் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.

வேலை கேட்பது, சம்பளம், பெயர்

எடிட்டர்களை அணுகும்போது நீளமான டெமோ வீடியோ அனுப்பாதீர்கள். வசனக் காட்சி ஒன்று, இரண்டு மூன்று நிமிடத்தில், அது போதும். கூடவே எந்த மென்பொருள் தெரியும், சிங்க் செய்யத் தெரியுமா, ஏ.ஏ.எஃப்., இ.டி.எல். எடுத்துப் பழக்கம் உண்டா என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரியைத்தான் முதலில் படிப்பார்கள். எடிட்டரைவிட அவருடைய இப்போதைய உதவியாளரை அணுகுவது பல சமயம் பலன் தரும். புதிய ஆள் தேவை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எடிட்டர்கள் சங்கம் இருக்கிறது, அது திரைப்படத் தொழிலாளர்களின் சம்மேளனமான ஃபெப்சியில் இணைந்த சங்கம். பெரிய படங்களில் தொடர்ந்து வேலை செய்ய நினைத்தால் உறுப்பினர் ஆகும் வழியை முதல் வருடத்திலேயே விசாரித்து வையுங்கள். சம்பளத் தகராறு வந்தால் போய் நிற்க ஓர் இடம் அதுதான்.

தொடக்கத்தில் சம்பளம் குறைவாக இருக்கும். குறைவாக இருப்பதும் இல்லாமலே இருப்பதும் ஒன்றல்ல. 'கற்றுக்கொள்ள வாய்ப்பு தருகிறோம்' என்று சொல்லி மாதக்கணக்கில் எதுவும் தராத இடத்தில் தங்காதீர்கள். குறைந்தபட்சம் போக்குவரத்தும் சாப்பாடும் பேசிக்கொள்ளுங்கள். தனியாக எடுத்துச் செய்யும் வேலையென்றால் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் கட் காட்டும்போது ஒரு பங்கு, இறுதிக் கோப்பு கொடுக்கும் முன் மீதி. எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதையும் எழுதி வாங்குங்கள். டி.டி.எஸ். பிடித்தார்கள் என்றால் உங்கள் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் விட்டுவிடும் உதவியாளர்கள் நிறைய.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. ரிலீஸ் வாரத்தில் இரவு பகல் தெரியாது, அதைத் தவிர்க்க முடியாது. மற்ற நாட்களிலும் அதே பழக்கமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நாற்காலி, கண் மட்டத்தில் திரை, மணிக்கொருமுறை எழுந்து நடப்பது. தூக்கமில்லாத மூளை தப்பான டிஸ்கை அழிக்கும், அந்த வேலையை இரவு இரண்டு மணிக்குச் செய்யவே செய்யாதீர்கள்.

டைட்டில் பட்டியல் டி.ஐ.க்குப் போகும் நாளில் எடிட்டிங் குழுவின் பெயர்களை, உங்கள் பெயரையும் சேர்த்து, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். இன்ஷியல், புள்ளி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி வருகிறதா என்பது வரை. தியேட்டருக்குப் போகும் இறுதிக் கோப்பான டி.சி.பி.யை எழுதி முடித்த பிறகு ஒரு புள்ளிக்காக யாரும் ரீலைத் திறக்க மாட்டார்கள்.